அக்கரைச் சொற்கள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் அந்நாட்டு மக்கள் இட்டுள்ள பெயர்கள் அழகியவை. கதிரவன் எழுகின்ற கடற்பக்கத்து நிலம் எழுவான்கரை. அவன் சாய்கின்ற வயற்பக்கத்து நிலம் படுவான்கரை. பாலம் அமையாத துறைகளில் ஆட்களையும் சைக்கிள்களையும் நெல் மூடைகளையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவை ஒன்று உண்டு. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் நெடுங்காலம் மக்களைக் கரை சேர்த்து வந்தது அத்தகைய மிதவையே. அதற்கு அங்கே வழங்கும் பெயர் 'பாதை' என்பது. "பாதை அக்கரையில் நிற்கிறது, வரட்டும்" என்று துறையிலே ஒருவர் சொல்லக் கேட்கும் வெளியூரார் திகைப்படைவது இயல்பு. பாதை நிற்குமா, வருமா என்பது அவர்தம் ஐயம். ஊர்ச் சிறுவனுக்கோ அதில் ஐயம் எதுவும் இல்லை. சொல்லை அவன் ஏட்டிலிருந்து கற்கவில்லை. அதன்மேல் ஏறி நின்று கற்றான்.

அந்தச் சிறுவனே வளர்ந்து உயர்தர வகுப்புக்கு வருகிறான். அவன் பையிலே ஒரு கொப்பி இருக்கிறது. அதன் இடப்பக்கத்தில் ஆங்கில இலக்கியக் கலைச்சொற்கள் நாற்பதோ ஐம்பதோ வரிசையாக எழுதப்பட்டுள்ளன. வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். சிமிலி, மெற்றபர், அயறனி, மெற்றொனிமி என்று தொடங்கி அது நீள்கிறது. கொப்பியின் பின்பக்கத்தில் வேறொரு பட்டியல்: பரீட்சைக் கட்டுரையில் எழுதினால் புள்ளி கூடும் என்று யாரோ சொல்லிய கடினமான ஆங்கிலச் சொற்கள். இரண்டையும் அவன் மனனம் செய்கிறான். 'மெற்றபர் யாது?' என்று வினவினால் வரி பிசகாமல் ஒப்பிக்கிறான். ஒரு பாடலை முன்னே வைத்து, 'இதிலே மெற்றபர் எங்கே உள்ளது?' என்று வினவினால் வாய் அடைத்து நிற்கிறான்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 'மெற்றபர்' என்னும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் 'அப்பால் கொண்டு செல்லல்' என்பது. ஒரு பொருளுக்குரிய பெயரை மற்றொரு பொருளின்மீது ஏற்றிக் கொண்டு செல்வதால் அப்பெயர் வந்தது. இன்றும் கிரேக்க நாட்டிலே வீட்டுச் சாமான்களை ஏற்றியிறக்கும் லொறிகளின் பக்கத்தில் அந்தச் சொல்லே எழுதப்பட்டிருக்கும். நாள்தோறும் பாதையில் ஏறி வாவியைக் கடந்து பாடசாலைக்கு வரும் மாணவனுக்கு இதைவிட எளிதாக விளங்கக்கூடிய சொல் வேறு யாது? ஆனால் அவன் கொப்பியிலே அது எழுதப்படவில்லை.

மனனம் செய்தல் இழிவானதொரு தொழில் என்று கருதுவோர் இக்காலத்திலே பலர். அக்கருத்து முழுவதும் பொருந்தாது. திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே நிகண்டு மனனம் செய்விக்கப்பட்டது. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் அமைந்திருப்பதற்குக் காரணமே அது நாவில் எளிதாகப் படியவேண்டும் என்பதுதான். அதன் பதினோராவது தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் எதுகை முறையாக அடுக்கிக் கூறுவது. அச்சிட்ட அகராதி கைக்கு எட்டாத காலத்தில் அதுவே மாணவனின் அகராதி. ஆயினும் நிகண்டு கற்ற மாணவன் நிகண்டோடு நின்றானல்லன்; நைடதமோ கந்தபுராணமோ அடுத்து அவன் கைக்கு வந்தது. பூட்டைத் திறப்பதற்கென்றே சாவி கொடுக்கப்பட்டது. இன்றைய கொப்பியிலோ ஐம்பது சாவிகள் உள்ளன. கதவு ஒன்றேனும் காணப்படவில்லை.

கலைச்சொல் என்றவுடன் இலங்கைத் தமிழர்க்கு விஞ்ஞானக் கலைச்சொற்களே முதலில் நினைவுக்கு வரும். தாய்மொழி மூலம் உயர்கல்வி புகுத்தப்பட்ட காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஒட்சிசன், ஐதரசன், காபன் என்னும் வடிவங்கள் இலங்கைப் பாடநூல்களில் நிலைபெற்றன. அந்தப் பணி பெரும்பயன் விளைத்தது. ஆனால் அப்பணி வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லடியில் வீசும் காற்றிலுள்ள ஒட்சிசனும் இலண்டன் மாநகரின் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஒன்றே. பொருள் ஒன்றாயிருக்கப் பெயர் மாத்திரம் மாறுகிறது. இலக்கியக் கலைச்சொல்லின் நிலை அத்தகையதன்று. அது சுட்டும் பொருள் ஒரு மொழியின் ஓசைக்குள்ளும் வழக்குக்குள்ளும் பிறந்து வளர்ந்தது. எனவே 'இதற்குத் தமிழ் அது' என்று சமக்குறி இட்டு எழுதும் முறை விஞ்ஞானத்தில் உதவும் அளவுக்கு இலக்கியத்தில் உதவுவதில்லை. சில இடங்களில் வழிதவறவும் செய்துவிடும்.

இவ்விரு பணிகளையும் தாமே செய்து பார்த்த பெரியார் ஒருவர் இவ்வாவிக் கரைநாட்டிலேயே தோன்றினார். 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்து, மட்டக்களப்பு நகரின் புனித மைக்கேல் கல்லூரியிலே ஆங்கிலக் கல்வி பெற்று, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகவும் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தேறிய சுவாமி விபுலாநந்தரை நேயர்கள் நன்கறிவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர் அவர். 1936இல் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சிக்கு வழிகாட்டினார். அதற்குப் பத்தாண்டுகள் முன்னதாகவே, 1926இல், இலக்கியத்துறையில் வேறொரு முயற்சியை அவர் செய்து முடித்திருந்தார். அதுவே 'மதங்க சூளாமணி' என்னும் நூல்.

அந்நூலிலே சேக்ஸ்பியர் 'செகசிற்பியார்' ஆகிறார். மதங்கர் எனப்படும் கூத்தரின் முடிமணியாகப் போற்றப்படுகிறார். உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என்னும் மூன்று இயல்களால் ஆனது நூல். சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்கொண்டு, சிலப்பதிகார உரைவழி அறியப்படும் தமிழ் நாடக இலக்கணத்தின் கண்கொண்டு அவற்றை ஆசிரியர் நோக்குகிறார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் கதைச்சந்திகள் ஐந்தும் ஆங்கில நாடகத்தின் ஐந்து அங்கங்களோடு எவ்வாறு இயைகின்றன என்பது ஆராயப்படுகிறது. சுவையும் மெய்ப்பாடும் அவ்வாறே. பெயர்களைத் தமிழோசைக்கு இயையத் திருத்தியது சற்று மிகையெனச் சிலர் கருதலாம். முதன்முறை படிப்போருக்கு மூல நாடகத்தின் மாந்தர் யாவர் என அடையாளம் காண்பது எளிதன்று என்பது உண்மையே. ஆயினும் அவர் நின்ற இடத்தைக் கவனித்தல் வேண்டும். ஆங்கிலக் கலைச்சொற்களின் பட்டியல் ஒன்றை மொழிபெயர்த்து அவர் நூலாக்கவில்லை. நாடகங்களை நடுவிலே வைத்தார். இருபுறத்துச் சொற்களையும் அவற்றின்மீது பொருத்திப் பார்த்தார்.

அவ்வாறு பொருத்திப் பார்ப்பதை உயர்தர வகுப்பு மாணவனும் செய்யக்கூடும். எளிய செய்தி ஒன்றிலிருந்து தொடங்கலாம். 'றைம்' என்றால் எதுகை என்று எழுதிவைத்துக்கொள்ளும் மாணவர் மிகப் பலர். எதுகையாவது, முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. கற்றவர், பெற்றவர், உற்றவர் என்று அடிகள் தொடங்கினால் தமிழ்ச் செவி மகிழ்கிறது. ஆங்கில றைமோ அடியின் கடைசியில் நிற்பது. அழுத்தம் பெற்ற உயிரொலியும் அதன் பின்வரும் ஒலிகளும் ஒத்து, முன்நிற்கும் மெய்யொலி மாத்திரம் வேறுபடவேண்டும். லைற், நைற் என்பன போல. ஆகவே அதற்கு நெருங்கிய உறவு இயைபுத் தொடையே. அவ்வுறவும் முழுமையானதன்று, ஒரே சொல் அடிதோறும் இறுதியில் வந்தாலும் இயைபு நிரம்பும், ஆங்கிலத்தில் அதனை நல்ல றைம் என ஒப்புவதில்லை. எதுகையை றைம் என்று எழுதும் மாணவனின் குற்றம் ஒரு சொற்குற்றம் மாத்திரமன்று. ஆங்கிலச் செவி அடியின் முடிவிலே காத்திருக்கிறது. தமிழ்ச் செவி அடியின் தொடக்கத்திலே விழித்துக்கொள்கிறது. இந்த வேற்றுமையை ஒருமுறை உணர்ந்தவன், ஆங்கிலப் பாடலை வாசிக்கும்போது எங்கே செவியைக் கூர்மையாக்க வேண்டும் என்பதையும் அறிந்துகொள்வான்.

மோனைக்கும் அலிற்றறேசனுக்கும் உள்ள தொடர்பு இன்னும் சுவையானது. தமிழில் அகரத்துக்கு ஆ, ஐ, ஔ என்பன இனம்; சகரத்துக்குத் தகரம் இனம்; ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம். இவ்வாறு வகுத்துக்கொண்ட உறவுகளால் மோனை நடக்கிறது. இன்றைய ஆங்கிலப் பாடலில் அலிற்றறேசன் ஓர் அணிகலன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாடல் பாடலே. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திலே, 'பேயோவுல்ப்' என்னும் வீரகாவியம் போன்றவற்றிலே, அடியின் இரு பாதிகளையும் பிணித்து நின்றது அதுவே. அங்கே எந்த உயிரெழுத்தும் எந்த உயிரெழுத்தோடும் மோனையாகலாம் என்பது விதி. தமிழர் உயிர்களை மூன்று குடும்பங்களாகப் பிரித்துவைத்தனர். பழைய ஆங்கிலேயர் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகக் கொண்டனர். சீர், அசை என்பவற்றைப் பற்றி ஈண்டு விரித்தற்கில்லை. தமிழ் யாப்பு அசையை நேர், நிரை என எழுத்தின் அளவால் வகுப்பது. ஆங்கில யாப்பு ஓசையழுத்தத்தை எண்ணுவது. ஒன்றன் அளவுகோலால் மற்றொன்றை அளக்கலாகாது என்ற அளவிலே நிறுத்தலாம்.

அணிகளுக்கு வருவோம். உருவகமே மெற்றபர் என்பது எல்லா வகுப்புகளிலும் கூறப்படுவது. தாமரை போன்ற முகம் என்பது உவமை; முகத்தாமரை என்பது உருவகம். இங்கே முகம், தாமரை என இரண்டும் வெளிப்படையாக நிற்கின்றன. 'பாவை வந்தாள்' என்னும்போதோ பெண் என்னும் சொல் மறைந்து பாவை மாத்திரம் நிற்கிறது. தமிழிலக்கணம் இதனை உருவகம் என்னாது உவமையாகுபெயர் என்று வேறிடத்தில் வைக்கும். கூறவந்த பொருளை முற்றும் மறைத்து மற்றொன்றையே கூறுவது ஒட்டணி எனப்படும். ஆங்கிலத்தார் மெற்றபர் என்னும் ஒரு கூரையின் கீழ் இவற்றிற் பெரும்பகுதியைக் குடியேற்றிவிட்டனர். எனவே உருவகத்தை மாத்திரம் தேடிச் செல்லும் தமிழ் மாணவன், ஆங்கிலப் பாடலிலே ஒரு வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் மெற்றபரைக் காணாமலே கடந்துபோகிறான். காலம் 'ஊர்ந்தது' என்பதிலும், கோபம் 'கொதித்தது' என்பதிலும் அது இருக்கிறது என அறியும்போது அவனுக்கு வியப்பு உண்டாகிறது. அந்த வியப்பே கல்வியின் தொடக்கம்.

ஆகுபெயரிலோ நிலைமை தலைகீழ். மெற்றொனிமி, சினெக்டொக்கி என்று ஆங்கிலத்தார் இரண்டாகப் பிரித்து வைத்ததைத் தமிழர் ஆகுபெயர் என்னும் ஒரு பெயரால் வழங்கினர். பின்னர் அதற்குள்ளே முதல், சினை, இடம், காலம் என்று பல அறைகளைத் தடுத்தனர். 'தலைக்கு ஒரு பழம்' என்று வீட்டிலே கூறும் தாய் சினையாகுபெயரைக் கூறுகிறாள். சினெக்டொக்கி என்னும் பெயரைக் கேட்டு மாணவன் அஞ்சவேண்டியதில்லை. யூபெமிசம் என்பதும் அத்தகையதே. இடக்கரடக்கல், மங்கலம் என நன்னூலார் பிரித்த இரண்டும் அதனுள் அடங்கும். சூடு மிதிக்கும் களத்திலே நெல் என்று சொல்லாது 'பொலி' என்று சொல்லும் மட்டக்களப்பு உழவர், அச்சொல்லால் பெருகுக என்று வாழ்த்தவும் செய்கின்றனர். களத்திலே வழங்கும் இத்தகைய தனிச்சொற்களை வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' போன்ற நூல்களின் துணையோடு திரட்டி வகுப்பிலே வைத்தால், அந்த ஒரு பாடவேளையிலேயே மாணவர்க்குப் பல கலைச்சொற்கள் விளங்கிவிடும்.

கண்ணகியும் கோவலனும் மதுரையை அணுகும்போது, மதில்மேற் கொடிகள் 'வாராதீர்' என்று கை மறித்தன போல அசைந்தன என்னும் கருத்துச் சிலப்பதிகாரத்திலே வருகிறது. தற்குறிப்பேற்ற அணிக்கு எல்லா ஆசிரியரும் காட்டும் எடுத்துக்காட்டு அது. காற்றில் இயல்பாக அசையும் கொடியின்மீது கவி தன் குறிப்பை ஏற்றினார். அது அழகு எனப்பட்டது. 1856இல் ஜோன் றஸ்கின் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர், இயற்கைப் பொருள்களுக்கு மனித உணர்ச்சியை ஏற்றிக் கூறும் வழக்கத்துக்கு ஒரு பெயரிட்டார். அப்பெயரின் பொருள் 'உணர்ச்சியால் விளையும் பொய்த்தோற்றம்' என்பது. உணர்ச்சி மிகுந்து அறிவு தடுமாறும்போது கவிஞன் உள்ளதை உள்ளவாறு காணத் தவறுகிறான் என்பது அவர் கருத்து. தமிழர் அணி என்று கொண்டாடியதற்கு மிக நெருங்கிய ஒன்றை அவர் பிழை என்று கருதிப் பெயரிட்டார். இரு பெயர்களையும் வெறுமனே சமமாக்கி எழுதிவைத்தால் இந்த வழக்கு மறைந்துவிடும். யார் சொல்வது சரி என்று மாணவரை வாதாட விடுவதே தக்கது. வைகாசித் திங்களிலே கண்ணகியம்மன் கோயிற் சடங்குக்குச் சென்றுவந்த பிள்ளைகள் றஸ்கினை எளிதில் விட்டுவிடமாட்டார்கள்.

இனி அயறனி. ஆங்கில இலக்கியக் கலைச்சொற்களிலே தமிழ் மாணவரை மிகவும் அலைக்கழிப்பது இதுவே. சொல்லுக்கும் கருத்துக்கும் உள்ள முரண், நினைப்புக்கும் நிகழ்வுக்கும் உள்ள முரண், நாடக மாந்தர் அறிவுக்கும் அவையோர் அறிவுக்கும் உள்ள முரண் ஆகிய மூன்றும் அந்த ஒரு பெயரின் கீழ் வருகின்றன. பழைய தமிழிலக்கணத்திலே இம்மூன்றையும் ஒருங்கே அடக்கும் பெயர் இல்லை. ஆனால் பெயரில்லாமையால் பொருளும் இல்லையென்று ஆகிவிடாது.

முதல்வகைக்கு ஔவையாரே சான்று. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற அவர், அவனுடைய படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்று, காவலுள்ள மாளிகையிலே அழகாக இருக்கின்றன என்றும், தம் மன்னனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்திக் கங்கும் நுனியும் சிதைந்து கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்றும் கூறும் பாடல் புறநானூற்றிலே உள்ளது. கேட்போருக்குப் புகழ்ச்சி, உணர்வோருக்கு இகழ்ச்சி. அந்தப் பாடலை அறிந்த மாணவன், 1729இல் அயர்லாந்தின் வறுமையைக் கண்டு உள்ளம் கொதித்த ஜொனதன் சுவிப்ற், ஏழைகளின் குழந்தைகளைச் செல்வரின் உணவாக விற்றுவிடலாமே என்று அமைதியாக ஆலோசனை கூறுவதுபோல் எழுதிய கட்டுரையை உண்மை ஆலோசனை என்று பிழைபட எண்ணான். பழிகரப்பு அங்கதம் என்று தொல்காப்பியர் கூறியது அவனுக்குக் கைகொடுக்கும்.

மூன்றாவது வகையை விளக்க நூல்நிலையம் செல்லவேண்டியதில்லை. கண்ணகி வழக்குரை பாடப்படும் கோயில் முன்றிலிலே வந்து அமர்ந்தாற் போதும். சிலம்பை விற்று வருவதாகக் கூறிக் கோவலன் விடைபெறும் இடம் வருகிறது. அவன் நல்வாழ்வு இனித் தொடங்கும் என்று நம்புகிறான். கண்ணகியும் நம்புகிறாள். கூட்டத்திலே இருக்கும் மூதாட்டி ஒருத்திக்கோ எல்லாம் தெரியும். பொற்கொல்லனையும் தெரியும், கொலைக்களத்தையும் தெரியும். ஆண்டுதோறும் கேட்ட கதைதான். எனினும் அவள் கண்கள் நிறைகின்றன. அவள் அறிந்ததைக் கோவலன் அறியான் என்பதிலேதான் அந்தக் கண்ணீர் பிறக்கிறது. 'மக்பெத்' நாடகத்திலே டங்கன் அரசன் கோட்டை வாயிலை அடைந்து, இவ்விடத்துக் காற்று எத்துணை இனியது என்று மகிழ்கிறான். அன்றிரவே அங்கே தான் கொல்லப்படுவான் என அவன் அறியான், அவையோர் அறிவர். அயறனிக்கு வரைவிலக்கணம் எழுதிவிட்டு உதாரணம் காணாது தவிக்கும் மாணவியிடம் ஆசிரியர், "பிள்ளை, கோவலன் போகும்போது கோயிலிலே உங்கள் அம்மம்மா ஏன் அழுதா?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். டங்கனை அவள் தானாகவே கண்டுபிடித்துவிடுவாள்.

திராஜெடி என்பதற்கு அவலம் என்று எழுதுவது வழக்கம். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாடு இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை ஆகிய நான்கின் வழியே தோன்றும் என்பர். அரிஸ்டோட்டில் இரக்கத்தோடு அச்சத்தையும் சேர்த்தார். தலைவனின் வீழ்ச்சிக்கு அவனே செய்த ஒரு தவறு காரணமாதல் வேண்டும் என்றார். அத்தவறுக்கு அவர் வழங்கிய கிரேக்கச் சொல், எய்த அம்பு இலக்குத் தப்புதலையும் குறிப்பது. வகுப்புகளிலே அதனைத் தலைவனின் 'குணக்கேடு' என்று கற்பிக்கின்றனர். அது மூலச்சொல்லினும் கடுமையான தீர்ப்பு. கோவலனுடைய தவறு யாது, அது குணக்கேடா, இலக்குத் தப்பிய அம்பா, அன்றி ஊழ்வினை என்பதனால் இந்தக் கேள்வியே எழாதா என்று ஆராயும் மாணவனுக்கு இரு நாட்டு அவலமும் விளங்கத் தொடங்கும்.

கொப்பியின் பின்பக்கத்துப் பட்டியலைப் பற்றியும் சில சொல்லவேண்டும். தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். துறையிலே நிற்கும் 'பாதை'யைத் திசைச்சொல்லோடு சேர்த்து எண்ணலாம். ஆங்கிலத்தில் கடினச்சொல் எனப்படுவது பெரும்பாலும் அம்மொழியின் திரிசொல்லும் வடசொல்லுமே. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. கல்வியிலும் திருச்சபையிலும் இலத்தீன் முன்னரே இருந்தது. வயலிலும் அடுக்களையிலும் பழைய ஆங்கிலம் நீடித்தது. அதனால் ஒரே செயலுக்கு இரண்டு மூன்று சொற்கள் உண்டாயின. 'பிகின்' என்பது வீட்டுச்சொல். 'கொமென்ஸ்' என்பது சபைச்சொல். நீர் என்பதற்கும் ஜலம் என்பதற்கும் உள்ள வேற்றுமையைப் போன்றது அது. சபைச்சொல் வீட்டுச்சொல்லினும் உயர்ந்தது என்று எண்ணுவதே பட்டியல் தரும் தீங்கு. கந்தோருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்போர் சிலருடைய ஆங்கிலத்தைப் படித்தவர்கள் அறிவர்: மாடு தொலைந்த செய்தியைக் கூறுவதற்குள் இலத்தீன் சொற்கள் பத்து அணிவகுத்து வந்துவிடும், மாடு கடைசிவரையில் வராது.

பட்டியலுக்கு மாற்று வேர்ச்சொல்லைப் பற்றிச் செல்லுதல். 'மெற்றபர்' என்பதில் 'அப்பால்' என்றும் 'சுமத்தல்' என்றும் இரண்டு கிரேக்கப் பகுதிகள் உள்ளன. இலத்தீனில் இதே பொருளுடைய இரண்டு பகுதிகள் சேர்ந்து 'ற்ரான்ஸ்பர்' என்னும் சொல் பிறந்தது. ஆசிரியர்கள் யாவரும் அஞ்சி நடுங்கும் இடமாற்றம் அதுவே. அதே இலத்தீன் வினையின் இறந்தகால வடிவிலிருந்து பிறந்தது மொழிபெயர்ப்பைக் குறிக்கும் 'ற்ரான்ஸ்லேற்'. சுமத்தலுக்குரிய மற்றோர் இலத்தீன் சொல்லிலிருந்து 'ற்ரான்ஸ்போட்' வந்தது. உருவகம் செய்யும் கவிஞரும், மொழிபெயர்க்கும் அறிஞரும், இடமாற்றக் கட்டளை பெற்ற ஆசிரியரும், நெல்மூடை ஏற்றும் லொறிக்காரரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனர். பாதைக்காரரும் அதையே செய்கிறார். இவ்வாறு கற்கப்பட்ட நான்கு சொற்கள் மறப்பதில்லை. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

இம்முறைக்கு எதிராக இரண்டு பக்கத்திலிருந்தும் குரல் எழுவதுண்டு. 'எல்லாம் தமிழிலே முன்னமே உள்ளது. ஆங்கிலத்தார் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை' என்பது ஒன்று. 'தமிழிலே திறனாய்வு என்பதே இல்லை. கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே கற்கட்டும்' என்பது மற்றொன்று. இரண்டாவது குரல் 1814ஆம் ஆண்டு வில்லியம் ஓல்ற் பாதிரியார் மட்டக்களப்பிலே பள்ளி தொடங்கிய நாள் முதல் ஆங்கிலக் கல்வியின் நிழலில் வளர்ந்தது. முதலாவது, தாய்மொழிக் கல்வி வந்தபின் வலுப்பெற்றது. இரண்டும் மாணவனை ஒரே கரையில் நிறுத்திவிடுகின்றன. இவற்றைவிடக் கொடியது பாடசாலை நேரசூசியிலே உள்ளது. காலையிலே தமிழாசிரியர் உருவகம் கற்பித்துச் செல்கிறார். இடைவேளைக்குப் பின் ஆங்கில ஆசிரியர் மெற்றபர் கற்பிக்க வருகிறார். அதே வகுப்பு, அதே கரும்பலகை. இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு என்பதையோ, எந்த அளவு உறவு என்பதையோ பிள்ளைக்கு இருவரும் கூறுவதில்லை. ஆசிரியர் விடுதியிலே அவ்விருவரும் ஒரே மேசையில் தேநீர் அருந்துகின்றனர் என்பதும் உண்மை.

அந்த மேசையிலேயே இதனைத் தொடங்கலாம். கொப்பியின் பக்கத்தை இரண்டாகப் பிரித்ததை விடுத்து நான்காகப் பிரிக்கச் செய்யலாம். முதற்பகுதியில் ஆங்கிலச் சொல்; இரண்டாவதில் அதற்கு அணுக்கமான தமிழ்ச் சொல்; மூன்றாவதில் இருமொழியிலும் மாணவன் தானே கண்டெடுத்த எடுத்துக்காட்டு ஒவ்வொன்று; நான்காவதில், எங்கே இரண்டும் பொருந்தவில்லை என்னும் குறிப்பு. றைம் என்பதற்கு எதிரே 'இயைபு. எதுகையன்று' என்று வரும். தற்குறிப்பேற்றத்துக்கு எதிரே 'றஸ்கின் ஒப்பமாட்டார்' என்று வரும். நான்காவது பகுதி நிரம்புவதற்கே அதிக நாட்கள் செல்லும். சில சொற்களுக்கு ஓராண்டும் ஆகலாம். அயறனி என்பதற்கு எதிரேயுள்ள இரண்டாவது பகுதியில் முரண், அங்கதம், முரண்நகை, வஞ்சப்புகழ்ச்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதி அடித்திருப்பார்கள். அந்த இடத்தைப் பென்சிலால் எழுதிவருமாறு ஆசிரியர் முன்னரே கூறிவைத்தல் நன்று.